நான்கு தடவையும் அறுபத்தொரு கிலோ

1

என் குரல் கடுமையாக இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை காலை என் மேலதிகாரி ஹெலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சொன்னார். நான் செய்தது தப்பென்று யாரும் சொல்லவில்லையாம், சொன்ன தொனிதான் சரியில்லையாம். வட இங்கிலாந்தின் இந்த ஊருக்கு வந்து போன மாதத்தோடு பதினோரு வருடம் முடிந்துவிட்டது. பதினோரு வருடமாக இதே புகார்தான், கொடுக்கிற ஆள் மட்டும் மாறுகிறார்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை ஒருவருக்குப் புற்றுநோய் மருந்து டிரிப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. காலையில் வந்து, ஏற்றிக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போகிற நோயாளி. எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற பார்மசிஸ்ட் நான்; டாக்டர் எழுதிய சீட்டு என் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தது. அதிலிருந்த எடை மூன்று வாரத்துக்கு முந்தையது. யாரோ பழைய எண்ணை அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நிறுத்தி வைத்தேன். டாக்டர் போன் செய்தார். டிரிப் ஏற்றும் நாற்காலி தயார், நோயாளி தயார், நீ ஒருத்திதான் தயாராக இல்லை, ஒன்றிரண்டு கிலோவில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார். மறுபடி எடை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன்.

எடை பார்த்தார்கள். ஆறு கிலோ குறைந்திருந்தது. அளவை மாற்றி எழுதினார்கள், மருந்து கலந்தார்கள், அந்த மனிதர் நாலு மணிக்கு நல்லபடியாக வீட்டுக்குப் போனார். டாக்டர் என் தொனியைப் பற்றி எழுதி அனுப்பினார்.

கண்டெய்னர் லாரி போகிற ரோட்டை ஒட்டிய வீட்டில் பிறந்தவள் நான். அங்கே மெதுவாகப் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. ஹெலனிடம் இதையெல்லாம் விளக்க முடியுமா என்ன? "தொனியை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். எடை விஷயத்தில் மாற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேநீரையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

2

நான் பிறந்து வளர்ந்த ராயபுரம் கல்மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் "ஜெசி லண்டன்ல மெடிக்கல் ஷாப்ல கீது" என்பார்கள். நான் இருப்பது லண்டனும் இல்லை, மெடிக்கல் ஷாப்பும் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டேன். ஆனாலும் இதைப் படிக்கிற உங்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன்.

புற்றுநோய் மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனியாகக் கலக்க வேண்டும். கலப்பதற்கு முன்னால் சீட்டு என்னிடம் வரும். பெயர் சரியா, எந்த மருந்து, இது எத்தனையாவது தவணை, ரத்தத்தில் வெள்ளை அணு போதுமா, சிறுநீரகம் தாங்குமா, போன தடவை என்ன தொந்தரவு வந்தது, எல்லாம் பார்க்க வேண்டும். உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டு, அதற்குத்தான் மில்லிகிராம் எழுதுவார்கள். அந்தக் கணக்கை நானும் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பேன். நான் கையெழுத்திடாத வரை கலக்கும் அறையில் ஒரு சொட்டு அசையாது. கூடினால் ஆளையே சாய்த்துவிடும், குறைந்தால் நோய் மிஞ்சிவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவள் நான்.

இந்த நாற்காலிக்கு வர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பரீட்சைகளைக்கூடச் சேர்க்கவில்லை, பெயரே பெரிய பேஜாராகிவிட்டது. சான்றிதழில் எஸ். ஜெசிந்தா. இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. கடைசியில் அந்த 'எஸ்'ஸை விரித்து, 'சூசை' என்று அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். அன்றிலிருந்து பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் என்னைக் கூப்பிடுவது 'மிஸஸ் சூசை' என்றுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் அப்பாவை மேஸ்திரிகூட முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவர்கள் வாயில் அது நுழையாமல் தடுமாறும்போது எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருக்கும்.

இங்கே உள்ள நம்மவர்கள் தனி ரகம். பொங்கல் விழாவில் நான் அக்காவோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வந்து, "இந்த 'கீது', 'வந்துகினு' எல்லாம் வேண்டாமே, பிள்ளைகள் கற்றுக்கொள்ளும்" என்றார். "கத்துக்கட்டும் சார்" என்றேன். என் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறாள். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சோற்றைக்கூட முள்கரண்டியால் குத்துகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பெரியம்மா முகம் வந்ததும் "பெரிம்மா, துன்னியா?" என்று வெள்ளைக்கார நாக்கால் கேட்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அது ராயபுரத்துத் தமிழ். யாருக்காகவும் அதைத் திருத்தப் போவதில்லை.

3

அந்தப் பெரியம்மாதான் என் அக்கா ஸ்டெல்லா. காசிமேட்டில் மீன் விற்கிறாள். அம்மா உட்கார்ந்த அதே இடம். கூறு கட்டி விற்பதைவிட நிறுத்து விற்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். இறாலுக்குத் தராசு பிடித்தால் முள் நடுவில் நிற்கும் வரை விட மாட்டாள். ஒரு இறாலை எடுப்பாள், சின்னதாக வேறொன்றைப் போடுவாள், மறுபடி பார்ப்பாள். வாங்க வந்தவர்களே "போதும்மா, குடு" என்று அலுத்துக்கொள்வார்கள். நான் பார்மசி படித்ததற்குக் காரணம் அவள். இரண்டு பேரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்ற நிலை வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டிரிப். வழக்கம் இதுதான்: முதல் நாள் போய் ரத்தம் கொடுத்து, எடை பார்த்து, டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும். மறுநாள் போய் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் தனியாகத்தான் போவாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் ரோட்டில் துறைமுக வரிசையில் நின்றால் அவர் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு தடவையும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். "இன்னா பெரிய ஆபீசரு, இங்க டாக்டரு இல்லையா?" என்று கிண்டல் செய்துகொண்டேதான் அனுப்புவாள். நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மூன்று தவணையும் அளவு சரியாக இருந்தது. ஆனால் அவள் நன்றாக இல்லை. வாயெல்லாம் புண், காலில் மரமரப்பு, மூன்றாவது தவணைக்குப் பிறகு காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டாள். சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரூத் போனை வைத்துவிட்டு, பெரியம்மா முகம் சின்னதாகிவிட்டது என்றாள். வெளிச்சம் சரியில்லை, வேறொன்றும் இல்லை என்று நான் சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, ஹெலன் அறையிலிருந்து வந்து மதியச் சாப்பாட்டைத் திறந்தபோது நான்காவது தவணைக்கான சீட்டு வந்தது. எடை: அறுபத்தொன்று. முந்தைய நாள் அந்த ஆறு கிலோவுக்காகச் சண்டை போட்ட சூடு இன்னும் ஆறவில்லை. பழைய படங்களைத் தேடி எடுத்தேன். முதல் தவணை அறுபத்தொன்று. இரண்டாவது அறுபத்தொன்று. மூன்றாவது அறுபத்தொன்று. சாப்பிடாத மனுஷிக்கு ஒன்பது வாரமாக எடை அசையவே இல்லை. சரியாக இருக்கிற உடம்பே ஒரு கிலோ ஏறும், இறங்கும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் போன் போட்டேன்.

4

அங்கே மாலை ஐந்து மணி. "இன்னாடி, டூட்டில இல்லையா?" என்றாள்.

"அக்கா, இன்னிக்கு உன்ன எட பாத்தாங்களா?"

"பாத்தாங்களே. சீட்டுல போட்டுகீதே."

"வாயில புண்ணு, கஞ்சிய தவுர ஒண்ணும் துன்னலன்ற. அப்புறம் எட எப்படி அப்படியே கீது?"

பின்னால் ஒரு ஆட்டோ உறுமிக்கொண்டு போனது. பிறகு சிரித்தாள். சின்ன வயதில் மாட்டிக்கொண்டால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"கல்லு வச்சிகினேன்."

"இன்னா கல்லு?"

"நம்ம கட தராசுக் கல்லுதான். ரெண்டு கிலோ கல்லு மூணு, ஒரு கிலோ கல்லு ஒண்ணு. துண்டுல சுத்தி இடுப்புல கட்டிகினு போனேன். பொடவைக்குள்ள எவளுக்குத் தெரியப்போவுது?"

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற அன்று விடியற்காலையில், ஏலம் விடும் இடத்தில் மீன் பெட்டி நிறுக்கிற பெரிய தராசில் ஏறிப் பார்ப்பாளாம். அறுபத்தொன்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கல். இரண்டாவது தவணைக்கு இரண்டு கிலோ, மூன்றாவதற்கு நாலு, இன்றைக்கு ஏழு. வேறு யாராக இருந்தாலும் கூடக் குறைய ஏதாவது வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அறுபது என்றும் அறுபத்திரண்டு என்றும் வந்திருக்கும், நானும் ஏமாந்திருப்பேன். இவள் தராசு பிடிக்கிறவள். ஏமாற்றும்போதுகூட முள் நடுவில் நிற்க வேண்டும் இவளுக்கு. மார்க்கெட்டில் ஒருவரையும் ஒரு கிராம் ஏமாற்றாதவள், ஆஸ்பத்திரித் தராசை ஏழு கிலோ ஏமாற்றியிருக்கிறாள்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"மொத தபா போனப்ப என் பக்கத்துல திருவொத்தியூர் பொம்பள ஒருத்தி. எட கொறஞ்சிபோச்சி, நல்லா துன்ட்டு ஒடம்ப தேத்திகினு அப்பால வான்னு அனுப்பிச்சிட்டாங்க. அவ திரும்பி வரவே இல்ல. நான் ஒவ்வொரு தபாவும் தேடறேன் ஜெசி. வரவே இல்ல. எனக்கு ஊசிய நிறுத்திட்டா நான் இன்னா பண்றது?"

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டேன். "அக்கா, டாக்டரு உனக்கும் அந்த ஏழு கிலோ இரும்புக்கும் சேத்து மருந்து எழுதிகீறாரு. இரும்புக்கு இன்னா கேன்சரா வந்துகீது? அந்த மருந்த யாரு வாங்கிக்கறது? நீதான். வாயி புண்ணாகி, காச்சல்ல படுத்த இல்ல, அதுக்கு இதுவும் சேந்துதான்."

உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு கிலோவால் கூடுகிற மருந்து பயங்கரமாக ஒன்றும் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து, எடை குறைவதே டாக்டருக்குத் தெரியாமல் போவது. தெரிந்திருந்தால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருப்பார், வாயைத் திறந்து பார்த்திருப்பார், அளவை யோசித்திருப்பார். நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்கு டிரிப். இந்த உடம்பில் அதே அளவு மறுபடி ஏறினால் இந்தத் தடவை நாலு நாள் படுக்கையோடு போகாது என்று எனக்குத் தெரியும்.

"நாளைக்கு கல்லு இல்லாம போ. போயி உண்மைய சொல்லு."

"அய்ய, அசிங்கமா கீது. திட்டுவாங்க. நிறுத்திருவாங்க."

"நிறுத்த மாட்டாங்க. ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அத நான் மறைக்க மாட்டேன்."

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "நீ அங்க குந்திகினு சொல்லுவ. நீயா வந்து என்கூட நிக்கப்போற? பதினோரு வருசமா போன்லதான கீற."

வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்கப்போகிற வார்த்தை. கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வோம், மன்னிப்புக் கேட்போம், அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் பார்ப்போம். நான் குனியவில்லை. "ஆமாக்கா, போன்லதான் கீறேன். கூட இருந்த யாருக்கும் தெரியல, போன்ல கீறவளுக்குத் தெரிஞ்சுது. நீ மீன் கூடைய தூக்கினதாலதான் எனக்கு இந்தக் கண்ணு. நான் பாத்துட்டேன். இனிமே வுட மாட்டேன்" என்றேன். கார் எடுக்க வந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அக்கா போனை வைத்துவிட்டாள்.

5

சீட்டின் மேலேயே ஆஸ்பத்திரியின் போன் எண் இருந்தது. மருந்துப் பிரிவைக் கேட்டேன். பிரவீன் என்று ஒரு பார்மசிஸ்ட் எடுத்தார். சுருக்கமாகச் சொன்னேன்.

"மேடம், நாலு தடவையும் வெயிட் ஒண்ணுதான். கரெக்டாதானே இருக்கு?" என்றார்.

"தம்பி, கரெக்டா இருக்கிறதுதான் தப்பு."

கொஞ்ச நேரம் காகிதம் புரட்டும் சத்தம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நோயாளி தவிர வேறு யாரோடும் இதைப் பேசக்கூடாது என்றார். நியாயம். அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். "நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றத மட்டும் கேட்டுக்கங்க. நாளைக்கு அந்த அம்மாவ உங்க கண்ணு முன்னாடி எடை பாக்காம கலக்காதீங்க. டாக்டர் சத்தம் போடுவாரு. போடட்டும்" என்றேன்.

"கேட்டுக்கிட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, சரிபார்க்கும் அறைக்குப் போன் எடுத்துப்போகக் கூடாது என்ற விதியை மீறினேன். ஹெலனிடம் சொல்லிவிட்டுத்தான் மீறினேன். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே மத்தியானம் இரண்டு. மணி பத்தாகியும் போன் அடிக்கவில்லை. ஒரு சீட்டை மூன்று தடவை படித்தும் தலைக்குள் ஏறாமல், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்து அவரைப் பார்க்கச் சொன்னேன். பத்து இருபதுக்கு அடித்தது.

"ஜெசி, உன் ஆளு அந்த பிரவீன் தம்பி நல்ல புள்ள" என்றாள் அக்கா. பேச்சில் மூச்சு வாங்கியது. பிறகு கதையைச் சொன்னாள்.

மறுபடி எடை பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினாளாம். பஸ்ஸில் போகும்போதுதான் மனசு மாறியது. எடை மெஷினுக்குப் போகாமல் நேராக மருந்துப் பிரிவின் ஜன்னலுக்குப் போய், துண்டை அவிழ்த்து, நாலு கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்திருக்கிறாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். "இது மூணும் ரெண்டு ரெண்டு கிலோ. இது ஒரு கிலோ. மீதி நானு. எனக்கு மட்டும் மருந்து கலக்கு" என்றாளாம்.

பிரவீன் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் எடை பார்த்தார். ஐம்பத்து நாலு. டாக்டர் வந்தார், திட்டினார், வாயைப் பார்த்தார், புண்ணைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார். இன்றைக்கு வேண்டாம், புண் ஆறட்டும், நல்லா சாப்பிட்டு அப்புறம் வாங்க என்றார்.

"அந்தப் பொம்பளைக்கும் இதத்தான் சொன்னாங்க. நான் எழுந்திருக்கல. அப்புறம்னா எந்தத் தேதின்னு எழுதிக் குடு சார், தேதி இல்லாம நகர மாட்டேன்னு அங்கியே குந்திட்டேன். மொறச்சாரு. நானும் மொறச்சேன். எழுதிட்டாரு. அடுத்த புதன்கெழம." குரலை இறக்கி, "சீட்டு அனுப்பறேன், பாத்து சொல்லு. சரியா கீதா?" என்றாள்.

இதுவரை அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

படம் வந்தது. எடை ஐம்பத்து நாலு. அடுத்த தேதி. புதிய பரப்பளவு, குறைத்த மில்லிகிராம். வாய்ப்புண்ணுக்கு மருந்து, சத்து மாவு. கீழே வேறு மையில், பார்மசிஸ்ட் முன்னிலையில் எடை பார்க்கப்பட்டது என்று எழுதி பிரவீனின் சின்னக் கையெழுத்து. உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டேன்.

"சரியா கீதுக்கா."

"அப்ப கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"என் கையெழுத்து அங்க செல்லாதுக்கா."

"செல்லுமா செல்லாதான்னு நான் கேட்டனா? போடு."

ஒரு வெள்ளைத்தாளில் அவள் பெயரையும் எடையையும் மருந்தின் அளவையும் தேதியையும் எழுதினேன். கீழே முழுப் பெயராக ஜெசிந்தா சூசை என்று கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரிண்ட் போட்டு, ஆஸ்பத்திரி பைலில் முதல் தாளாக வைத்திருக்கிறாளாம். அடுத்த புதன்கிழமை அந்தப் பைலைத்தான் நீட்டப்போகிறாள். இது என்னவென்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்றேன்.

"என் தங்கச்சி பாத்துட்டா, இப்ப ஏத்துன்னுவேன்."